சொல்லிச் செய்யும் ஆர்ச்டாப் கிதார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்ச்டாப் கிதார்களைப் பழுது பார்ப்பதும், அவற்றின் தந்தி உயரம், பிரிட்ஜ், ஃப்ரெட் ஆகியவற்றைச் சீர்செய்து கொடுப்பதும் என் வேலை. ஒரு கைவினைஞரிடம் சொல்லித் தமக்கென ஒரு கிதாரைச் செய்துகொள்ள நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேல்பலகையும் பின்பலகையும் முழு மரத்திலிருந்து செதுக்கப்பட்டு, ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே ஒலிக்க வேண்டிய கிதார்களைப் பற்றியவை இவை.

ஆர்ச்டாப் என்றால் மேல்பக்கம் வளைந்த கிதார், அவ்வளவுதானே? சாதாரண அக்கூஸ்டிக் கிதாரிலிருந்து வேறென்ன மாறுகிறது?

வளைவு கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. காதுக்குத் தெரியும் வேறுபாட்டுக்குக் காரணம், தந்திகள் எங்கே கட்டப்படுகின்றன என்பது. தட்டையான மேல்பலகை கொண்ட கிதாரில் தந்திகள், பலகையோடு ஒட்டப்பட்ட பிரிட்ஜிலேயே முடிகின்றன. அதனால் அவை பலகையை இழுத்து முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. ஆர்ச்டாப்பில் தந்திகள் பிரிட்ஜின் மேல் ஏறி இறங்கி, உடலின் அடிமுனையில் மாட்டிய டெயில்பீஸில் போய் முடிகின்றன. பிரிட்ஜ் எங்கும் ஒட்டப்படுவதில்லை. தந்திகள் கீழ்நோக்கி அழுத்தும் அழுத்தமே அதை இடத்தில் நிறுத்துகிறது. வயலினிலும் இதே ஏற்பாடுதான். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்ப்ரூஸ் (ஒருவகை ஊசியிலை மரம்) கட்டையை வெளியிலும் உள்ளிலும் செதுக்கி, நடுவில் சுமார் 6 மில்லிமீட்டரும் ஓரத்தில் 3 முதல் 4 மில்லிமீட்டரும் மிஞ்சும்படி வளைவாக்குகிறார்கள்.

இதன் விளைவாக ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. ஒரு கார்டிலுள்ள ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. இந்தக் குணத்தால்தான் ஊதுகருவிகள் நிறைந்த ஜாஸ் குழுவிலும் ஒரு கிதார் தாளத்தைத் தாங்கி நிற்க முடிந்தது. செதுக்கிய பலகை என்ற யோசனைக்கு ஆர்வில் கிப்சன் 1898-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கிப்சன் நிறுவனத்தில் லாயிட் லோர் பணியாற்றிய காலத்தில், 1922-இல் வந்த எல்-5 மாதிரி, எஃப் வடிவத் துளைகளோடு இந்தக் கருவிக்கு நாம் இன்று அறியும் உருவத்தைக் கொடுத்தது.

கடையிலேயே ஆர்ச்டாப் கிடைக்கிறதே, அதை வாங்கினால் போதாதா?

பலருக்கு அதுவே போதும். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்தவை. அதை மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். 1949-இல் வந்த கிப்சன் இ.எஸ்-175 அப்படிச் செய்யப்பட்டதுதான்; தகட்டுப் பலகை குறைவாக அதிர்வதால் ஆம்ப்ளிஃபையரோடு வாசிக்கும்போது ஃபீட்பேக் (ஒலிபெருக்கியின் ஒலியே கிதாரை அதிர வைத்து எழும் ஊளை) குறைகிறது. டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபையர் வழியாகவே வாசிப்பவராக நீங்கள் இருந்தால், செதுக்கிய கிதாருக்குப் பெரும்பணம் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

கையால் செய்யும் கிதாரின் நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே மரத்திலிருந்து எடுத்த இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருப்பதில்லை. தொழிற்சாலை எல்லாப் பலகைக்கும் ஒரே அளவைக் கொடுக்கிறது. கைவினைஞரோ பலகையை விரலால் தட்டியும், இரு கையால் பிடித்து வளைத்தும் பார்த்து, அந்தப் பலகை எங்கே நிறுத்தச் சொல்கிறதோ அங்கே உளியை நிறுத்துகிறார். நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு அந்தத் தீர்ப்புக்கானது.

யாரிடம் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? படத்தில் எல்லாருடைய கிதாரும் அழகாகத்தான் இருக்கிறது.

படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் செய்த ஒரு கிதாரையாவது, முடிந்தால் வெவ்வேறு ஆண்டுகளில் செய்த இரண்டையாவது, கையில் எடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் பொதுவாகக் கேட்கும் குணம் எதுவோ அதுதான் அவருடைய கைவாகு. உங்கள் கிதாரிலும் அது வந்தே தீரும். ஸ்காட் சினரி என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 1990-களில் 22 கைவினைஞர்களிடம், ஒரே நீல நிறத்தில் ஆளுக்கு ஒரு 18 அங்குல ஆர்ச்டாப் செய்து தரும்படி கேட்டார். நிறமும் அளவும் ஒன்றாக இருந்தும், ஒருவர் செய்தது மற்றவர் செய்தது போல் அமையவில்லை. ஒருவரிடம் போய் இன்னொருவருடைய நாதத்தைக் கேட்பது இருவருக்கும் மனவருத்தத்தில் முடியும்.

தட்டை கிதார்களில் பெயர் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஆர்ச்டாப் வேலையை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டாம். இரண்டும் வேறு கலைகள். பழுது பார்ப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, அவர் பத்து ஆண்டுகளுக்கு முன் செய்த கிதார் இன்று எப்படி இருக்கிறது என்பதைத்தான். பிரிட்ஜின் கீழே பலகை அமிழ்ந்திருக்கிறதா, நெக்கின் கோணம் மாறியிருக்கிறதா, எஃப் துளைகளின் ஓரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வாடிக்கையாளரிடம் பேச விரும்புகிறேன் என்று சொன்னால், நல்ல கைவினைஞர் மகிழ்ச்சியோடு வழி செய்து தருவார்.

எனக்குத் தொழில்நுட்ப விவரம் எதுவும் தெரியாது. அவரிடம் என்னவென்று சொல்லி ஆர்டர் கொடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மேல்பலகையின் தடிமனையோ வளைவின் உயரத்தையோ நீங்கள் தீர்மானிக்கப் போவதில்லை. அது அவர் வேலை. நீங்கள் தர வேண்டியது, உங்கள் வாசிப்பைப் பற்றிய நேர்மையான விவரம். பிக் கொண்டு வாசிக்கிறீர்களா, விரலாலா? எத்தனையாம் கேஜ் (தந்தியின் பருமனைக் குறிக்கும் எண்) தந்தி போடுகிறீர்கள்? குழுவில் கார்டு அடித்துத் தாளம் காப்பதா, தனியாக அமர்ந்து மெட்டும் கார்டும் சேர்த்து வாசிப்பதா? கேட்பவர்கள் பத்தடி தூரத்தில் இருப்பார்களா, அரங்கத்தின் கடைசி வரிசையிலா? மைக் வைப்பீர்களா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வதை அல்ல, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் செய்வதைச் சொல்லுங்கள். என்றோ ஒருநாள் குழுவில் வாசிக்கலாம் என்ற ஆசையைச் சொல்லிக் கனமான பலகையோடு கிதார் செய்துகொண்டு, வீட்டில் விரலால் மெல்ல வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகை அந்த விரல்களுக்கு விழித்துக்கொள்வதே இல்லை.

நாதத்தைச் சொற்களால் விவரிக்க முயலும்போது கவனம் தேவை. ‘கதகதப்பான ஒலி’ என்று நீங்கள் சொல்வதும் அவர் புரிந்துகொள்வதும் வேறாக இருக்கலாம். அதற்குப் பதில் இரண்டு மூன்று ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, எந்த இடத்தில் எந்தச் சுரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று குறித்துக் கொடுங்கள். குறைகளைச் சொல்வது இன்னும் பயன் தரும். ‘என்னிடம் இப்போது இருக்கும் கிதாரில் எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் முதல் தந்தி மெலிந்துவிடுகிறது, ஆறாம் தந்தி மற்றவற்றை மூடிவிடுகிறது’ என்ற ஒரு வாக்கியத்திலிருந்து ஒரு கைவினைஞர் எடுத்துக்கொள்வது, ஒரு பக்கம் நிறைந்த பாராட்டுச் சொற்களிலிருந்து எடுத்துக்கொள்வதை விட அதிகம்.

நெக் விஷயத்தில் மட்டும் எண்களாகவே கொடுங்கள். உங்கள் கைக்கு மிகவும் இசைந்த கிதாரை எடுத்து, நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்து செல்லும் சிறு கட்டை) அகலத்தையும், முதல் ஃப்ரெட்டிலும் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் நெக்கின் தடிமனையும் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தடித்த அட்டையை நெக்கின் பின்புற வளைவில் இடைவெளி இல்லாமல் பொருந்தும்வரை சிறிது சிறிதாக வெட்டி, எந்த ஃப்ரெட்டில் எடுத்த வடிவம் என்று அதிலேயே எழுதி அனுப்புங்கள். அந்த அட்டைத் துண்டு, கிதார் வந்து சேர்ந்த பிறகு எழக்கூடிய பாதிப் புகார்களை முன்னதாகவே தீர்த்துவிடுகிறது.

16, 17, 18 அங்குலம் என்கிறார்களே, பெரியது என்றால் சத்தமும் அதிகம்தானே?

இந்த எண், உடலின் கீழ்ப்பகுதியில் மிக அகலமான இடத்தின் அளவு. எல்-5 முதலில் 16 அங்குலத்தில் வந்து 1930-களின் நடுவில் 17 அங்குலமாக வளர்ந்தது. 1934-இல் கிப்சன் சூப்பர் 400 18 அங்குலத்தில் வந்தது. பாஸ்டன் நகரின் ஸ்ட்ராம்பெர்க் பட்டறை 19 அங்குலம் வரை போனது. ஊதுகருவிகளுக்கு எதிரே ஒலிக்க வேண்டிய காலத்தின் போட்டி அது.

பெரிய உடலில் அடிச்சுரங்களுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் பெரிய பலகையை அசைக்கக் கனமான தந்தியும் உறுதியான வலக்கையும் வேண்டும். மென்மையாக வாசிப்பவரிடம் 16 அங்குலக் கிதார் 18 அங்குலக் கிதாரை விடத் தெளிவாக ஒலிப்பது சாதாரணம். உடலின் பருமனும் இதில் சேரும்: 3 அங்குலத்துக்கும் சற்று மேல் என்பது வழக்கமான ஆழம், அதைக் குறைத்தால் அடிச்சுரம் குறைந்து நடுச்சுரம் முன்னே வரும். இன்னொன்று, உட்கார்ந்து வாசிக்கும்போது வலது தோள் உயர்ந்து நிற்கும் கிதார் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் நீங்கள் அதை அரை மணி நேரத்தில் கீழே வைத்துவிடுவீர்கள். முடிவு செய்யும் முன் ஒவ்வொரு அளவையும் மடியில் வைத்து ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள்.

ஸ்கேல் நீளத்தில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் கூடக் குறைய இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை உள்ள தூரத்தின் இருமடங்கே ஸ்கேல் நீளம். ஆர்ச்டாப்பில் 24.75, 25, 25.5 அங்குலம் ஆகிய மூன்றும் பழக்கத்தில் உள்ளவை. அதே தந்தியை அதே சுருதிக்கு நீண்ட ஸ்கேலில் கட்டினால் இறுக்கம் கூடும். இறுக்கம் கூடினால் மேல்பலகைக்குப் போகும் அழுத்தமும் கூடும், ஒலி இன்னும் நேராகப் பாயும். குறுகிய ஸ்கேலில் விரல் விரிப்பு எளிது, தந்தி இளகும். 25 அங்குலம் இரண்டுக்கும் நடுவே நிற்பதால், தீர்மானிக்க முடியாதவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன். நட் அகலம் பெரும்பாலும் 43 அல்லது 44.5 மில்லிமீட்டர், விரலால் வாசிப்பவர்களுக்கு அகலமானது வசதி.

எந்த மரம் நல்லது? ஐரோப்பிய ஸ்ப்ரூஸ்தான் வேண்டும் என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் மரத்தின் பெயரை விட, அந்தக் குறிப்பிட்ட பலகையின் தரமும் அது எவ்வளவு காலம் உலர்ந்தது என்பதும் முக்கியம். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸும், பின்பலகை, பக்கங்கள், நெக் ஆகியவற்றுக்கு மேப்பிளும் வயலின் மரபிலிருந்து வந்த வழக்கம். ஸ்ப்ரூஸ் எடைக்கு மீறிய விறைப்புள்ள மரம். குறைந்த எடையில் தந்தியின் அழுத்தத்தைத் தாங்கும். அடிராண்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ் அடித்து வாசித்தாலும் கலங்காது என்றும், ஏங்கல்மன் ஸ்ப்ரூஸ் மென்மையான தொடுகைக்கே பதில் சொல்லும் என்றும் கைவினைஞர்கள் சொல்வதில் பொதுப்பட உண்மை உண்டு. ஆனால் ஒரே வகை மரத்துக்குள் பலகைக்குப் பலகை உள்ள வேறுபாடு, வகைக்கு வகை உள்ள வேறுபாட்டை விழுங்கிவிடக் கூடியது.

மேப்பிளின் அலையலையான வரிகள் கண்ணுக்கு விருந்து. நாதத்துக்கு அவற்றால் தனிச் சிறப்பு இல்லை. ஆழ்ந்த வரி கொண்ட பலகைக்குக் கூடுதல் பணம் கேட்டால் அது அழகுக்கான விலை என்று தெரிந்தே கொடுங்கள். ஃபிங்கர்போர்டு, பிரிட்ஜ், டெயில்பீஸ் ஆகியவற்றுக்குக் கருங்காலி வழக்கம். ‘உங்களிடம் இருப்பவற்றில், நான் சொன்ன வாசிப்புக்கு நீங்களே எதை எடுப்பீர்கள்?’ என்று அவரிடம் கேட்பதுதான் மரத்தைப் பற்றி நான் அறிந்த நல்ல கேள்வி.

எக்ஸ் பிரேசிங்கா, பேரலல் பிரேசிங்கா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

மேல்பலகையின் உட்புறம் ஒட்டப்படும் இரண்டு ஸ்ப்ரூஸ் கட்டைகளைப் பற்றிய கேள்வி இது. ஏறக்குறைய இணையாக, பிரிட்ஜின் இரு பாதங்களுக்கும் கீழே நீளவாக்கில் ஓடினால் பேரலல். ஒன்றையொன்று வெட்டிக் கடந்தால் எக்ஸ். பேரலல் அமைப்பில் ஒலி வெட்டென்று முன்னே பாயும். குழுவில் தாளம் வாசிப்பவர்களுக்கு ஏற்றது. எக்ஸ் அமைப்பில் ஒலி விரிந்து, சற்று நேரம் நின்று அடங்கும். தனியாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் இதை விரும்புகிறார்கள். ஸ்ட்ராம்பெர்க் பட்டறை பின்னாளில் குறுக்காக ஒரே ஒரு கட்டையை மட்டும் வைத்தது. கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் ஃபிரெடி கிரீன் வாசித்த தாளம் அந்தப் பட்டறையின் கிதாரிலும் ஒலித்திருக்கிறது.

ஒருவர் எப்போதும் ஒரே அமைப்பில் செய்பவராக இருந்தால், மற்றதைச் செய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவருடைய வளைவு, தடிமன், கட்டையின் உயரம் எல்லாம் சேர்ந்து வளர்ந்த ஒரே சமநிலை அது.

பிக்கப் வைத்தால் நாதம் கெட்டுவிடுமா?

தந்தியின் அதிர்வை மின் ஒலிக்காக எடுக்கும் பிக்கப்பை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேல்பலகையில் துளை வெட்டிப் பதித்தால், பலகையின் எடை கூடி அதன் அசைவு குறையும். மின் ஒலிக்கு அது நன்மை, மரத்தின் ஒலிக்கு இழப்பு. இந்தப் பக்கம் பேசும் கிதாருக்கு ஏற்றது மிதக்கும் பிக்கப்: ஃபிங்கர்போர்டின் முனையிலோ பிக்கார்டிலோ (பலகையில் பிக் கீறாதிருக்க வைக்கும் தகடு) பொருத்தி, பலகையைத் தொடாமல் நிறுத்துவது. வால்யூம் கட்டுப்பாட்டையும் பிக்கார்டிலேயே வைக்கலாம். காந்தப் பிக்கப்புக்கு வெண்கலத் தந்தியை விட நிக்கல் தந்தி சமமாக ஒலிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பிக்கப் இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபிங்கர்போர்டுக்கும் மேல்பலகைக்கும் இடையே மிதக்கும் பிக்கப்புக்குப் போதிய உயரம் விடுவது நெக்கின் கோணத்தோடு சேர்ந்த முடிவு. கிதார் ஒட்டி முடிந்த பிறகு அந்த உயரத்தைக் கொண்டுவர முடியாது.

எஃப் துளை இல்லாமல் வட்டத் துளையோடு செய்யச் சொல்லலாமா?

சொல்லலாம். வட்டத் துளையும் முட்டைவடிவத் துளையும் எஃப் துளைக்கு முந்திய மரபு. ஒலி சற்றுத் திரண்டு, இருண்டு கேட்கும். நடுவில் துளை வந்தால் உட்கட்டைகளின் ஏற்பாடும் மாறும் என்பதால், அந்த அமைப்பில் ஏற்கெனவே கிதார் செய்திருப்பவரிடம் மட்டும் கேளுங்கள்.

நைட்ரோ பூச்சு நல்லதா, வார்னிஷ் நல்லதா?

மெல்லியதாக இருப்பதே நல்லது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பளபளப்பாக நிற்கும், கீறலைப் பிறகு சரிசெய்யலாம். ஆனால் முழுமையாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும், சில ஸ்டாண்டுகளின் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வடுவாகும். அரக்கு கலந்த ஸ்பிரிட் வார்னிஷ் இன்னும் மெல்லியது, தொட்டால் மரத்தைத் தொடுவதுபோல் இருக்கும், வியர்வைக்கும் சாராயத்துக்கும் எளிதில் மங்கும். கை அதிகம் வியர்ப்பவர்கள் அதைக் கைவினைஞரிடம் சொல்ல வேண்டும். நெக்கின் பின்புறத்துக்கு மட்டும் வேறு பூச்சுக் கேட்பது நியாயமான கோரிக்கை.

எவ்வளவு நாள் ஆகும்? சொன்ன தேதிக்குக் கிடைக்குமா?

இரண்டு காலங்களைப் பிரித்துக் கேளுங்கள்: உங்கள் முறை வரும்வரை காத்திருக்கும் காலம் ஒன்று, வேலை தொடங்கியது முதல் முடியும்வரை ஆகும் காலம் மற்றொன்று. பெயர் பெற்றவர்களிடம் முதலாவது சில ஆண்டுகள்கூட ஆகலாம். இரண்டாவது பல மாதங்கள். கை வேலை மட்டுமே நூறு மணி நேரத்தை எளிதில் தாண்டும். அதோடு மரம் நிலைகொள்ளவும் பூச்சு இறுகவும் ஆகும் நாட்கள் எவராலும் சுருக்க முடியாதவை.

தேதி தள்ளிப்போனால் பதற வேண்டாம், பேச்சே நின்றுபோனால் கவலைப்படுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த வாரத்தில் பலகையை ஒட்ட மறுத்துத் தாமதப்படுத்துபவர் உங்கள் கிதாருக்கு நன்மையே செய்கிறார். ஒரு மேடை நிகழ்ச்சிக்கோ ஒலிப்பதிவுக்கோ கிதார் தேவை என்றால், சொன்ன தேதிக்குப் பின் தாராளமாக இடம் விட்டே திட்டமிடுங்கள்.

முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? எழுத்தில் என்ன இருக்க வேண்டும்?

மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை முன்பணமாகவோ, வரிசையில் இடம் பிடிக்கச் சிறு தொகையும் வேலை தொடங்கும்போது பெரிய தொகையும் என்றோ கேட்பது வழக்கம். முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்பவரிடம் நான் கொடுக்க மாட்டேன்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: உடல் அளவு, ஸ்கேல், நட் அகலம், மரங்கள், பூச்சு, பிக்கப், டெயில்பீஸ், பெட்டி சேர்த்தியா இல்லையா, மொத்த விலை, தவணை எப்போது எவ்வளவு, உத்தேசத் தேதி, அனுப்பும் செலவும் காப்பீடும் யாருடையது, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் என்ன செய்யலாம், வேலை நின்றுபோனால் பணம் எப்படித் திரும்பும். நட்பாகப் பழகுகிறார் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். எழுதி வைத்தால் அந்த நட்பும் பிழைக்கும்.

செய்துகொண்டிருக்கும்போது போய்ப் பார்க்கலாமா? நடுவில் மனம் மாறினால் மாற்றச் சொல்லலாமா?

அழைத்தால் கட்டாயம் போங்கள், குறிப்பாக நெக் செதுக்கும் நாளில். கடைசி மில்லிமீட்டரை உங்கள் கையைப் பார்த்தே எடுக்க முடிந்தால், முன்பு சொன்ன அட்டைத் துண்டை விட அது துல்லியம். மேல்பலகை செதுக்கும் கட்டத்தைப் பார்க்கக் கிடைத்தால் அதுவும் பெரும் பேறு. விரல் நீளமே உள்ள பித்தளை இழைப்புளியால் ஓரத்துப் பள்ளத்தில் சுருள் சுருளாக எடுத்து, பலகையை விளிம்பில் பிடித்துத் தட்டி, மீண்டும் எடுப்பார். தட்டும் ஒலி தாழ்ந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மாற்றங்களைப் பொறுத்தவரை, உடல் அளவும் மரமும் பலகை செதுக்கத் தொடங்கும்வரை. ஸ்கேல் நீளம் ஃபிங்கர்போர்டில் ஃப்ரெட் பள்ளம் அறுக்கும்வரை. நெக் வடிவம் பூச்சுக்கு முன்புவரை. நிறம் பூச்சு தொடங்கும் நாள்வரை. டெயில்பீஸ், பிக்கார்டு, டியூனர் ஆகியவற்றைப் பிறகும் மாற்றலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய யோசனையை அனுப்புபவர்களின் கிதாரில் அந்தத் தயக்கம் தெரியத்தான் செய்கிறது.

கிதார் வந்துவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியை உடனே திறக்க வேண்டாம்; வெளி வெப்பத்துக்கும் அறை வெப்பத்துக்கும் வேறுபாடு இருந்தால் சில மணி நேரம் மூடியபடியே அறையில் விட்டுவையுங்கள். பிறகு பிரிட்ஜைப் பாருங்கள். முதல் பதிலில் சொன்னதுபோல் அது ஒட்டப்படாதது; பயணத்தில் நகர்ந்திருக்கும், அல்லது கழற்றித் தனியாக வைத்திருப்பார்கள். அது நிற்க வேண்டிய இடத்தை முதல் தந்தியின் பன்னிரண்டாம் ஃப்ரெட் சுரமும் அதே இடத்து ஹார்மானிக்கும் (தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் சுரம்) ஒத்துப்போவதை வைத்தும், பிறகு ஆறாம் தந்தியை வைத்தும் கண்டுபிடிக்கலாம். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.

பிரிட்ஜின் பாதங்களுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத்தை எல்லா ஓரங்களிலும் நுழைத்துப் பாருங்கள். எங்காவது உள்ளே போனால் பாதம் சரியாகப் பொருந்தவில்லை, அந்த இடத்தில் ஒலி வழியிலேயே தொலைகிறது. அரை நாளில் சரிசெய்யக்கூடிய இந்தச் சிறு குறையால், நல்ல கிதாரை மோசமானது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அதன் பின் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்து, இரைச்சலோ திடீரென்று செத்துப்போகும் சுரமோ இருந்தால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருக்க முயலுங்கள். விரிசல்களில் பெரும்பாலானவை மிகுந்த வறட்சியில் வருபவை.

ஒலி இறுக்கமாக இருக்கிறது. பழைய கிதார்களைப் போல் இல்லையே?

புதிய ஆர்ச்டாப் முதல் சில மாதங்கள் அடங்கியே ஒலிக்கும். 12 கேஜ் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு நிகரான இறுக்கத்தில் நிற்கின்றன. அதன் ஒரு பகுதி இரவும் பகலும் புதிய பலகையை அழுத்தும்போது ஒட்டுகளும் வளைவும் தம் நிலைக்கு வர வேண்டும். நாள்தோறும் எல்லா ஃப்ரெட்டிலும் வாசியுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு தந்தி உயரத்தையும், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான ட்ரஸ் ராடையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். இறுக்கம் என்பது வேறு, குறை என்பது வேறு: ஒரே ஒரு சுரம் மட்டும் மங்கினால் அது காலத்தால் தீராது, காட்ட வேண்டியவரிடம் காட்டுங்கள்.

வேறு நாட்டில் இருக்கும் கைவினைஞரிடம் செய்தால் மரத்தால் சுங்கத்தில் சிக்கல் வருமா?

ஸ்ப்ரூஸாலும் மேப்பிளாலும் வராது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடக்க முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. தந்தமும் இயற்கை ஆமை ஓடும் அறவே வேண்டாம். பிரேசில் ரோஸ்வுட்டில் ஓர் அலங்காரத் தகடு மட்டும் போதும் என்று கேட்பவர்களுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தச் சிறு தகடு கிதாரை ஒரே நாட்டுக்குள் கட்டிப்போட்டுவிடும். பயன்படுத்திய மரங்களின் பட்டியலைக் கையெழுத்தோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டி ஆஞ்செலிகோ கிதாரை அப்படியே நகல் எடுத்துத் தரச் சொல்லலாமா?

ஜான் டி ஆஞ்செலிகோ 1932 முதல் நியூயார்க்கில் தன் பட்டறையில் செய்த கிதார்கள் இன்றும் பலருக்கு அளவுகோல். அவற்றின் உடல் அளவையும் 25 அங்குல ஸ்கேலையும் பேரலல் கட்டைகளையும் பின்பற்றச் சொல்வதில் தவறில்லை. பழைய வேலையிலிருந்து கற்றே இந்தக் கலை வளர்ந்தது. பெயரையும் தலைப்பலகை வடிவத்தையும் அப்படியே இடச் சொல்வது வேறு விஷயம்: வணிகக் குறிச் சட்டத்தில் சிக்கும், நாளைக்கு யாராவது அதை அசல் என்று விற்கவும் வழி வைக்கும். உங்கள் கைவினைஞர் தன் பெயரைத்தான் அதில் எழுத வேண்டும்.

நகல் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நீங்கள் காதலித்தது பல பத்தாண்டுகள் வாசித்துப் பழகிய கிதாரின் நாதம். புதிய கிதாரிடம் முதல் நாளே அதைக் கேட்பது நியாயமில்லை. புதிய ஆர்ச்டாப்பின் இறுக்கத்தைப் பற்றி முன்பு சொன்னது இங்கேயும் பொருந்தும்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நாதம் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

கேள்விகளிலேயே மிகக் கடினமானது இது. ஏனென்றால் இங்கே யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டு எழுதாமல், எளிதில் திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். முதலில் தந்தி: வேறு கேஜ், வேறு உலோகம். அடுத்து பிரிட்ஜ்: உயரம் சரிசெய்யும் உலோகச் சக்கரங்கள் கொண்டதற்குப் பதில், ஒரே கருங்காலித் துண்டில் செதுக்கியதை வைத்தால் ஒலி வெளிப்படையாக மாறும். மூன்றாவது டெயில்பீஸ்: கனமான பித்தளைக்குப் பதில் இலேசான கருங்காலி. டி ஆஞ்செலிகோவின் சீடர் ஜிம்மி டி’அக்விஸ்டோ தன் பிற்காலக் கிதார்களில் மரத்தாலான டெயில்பீஸுக்கு மாறியது இந்த வழியில்தான். இவற்றுக்குப் பிறகும் ஒலி மூடியே இருந்தால், எஃப் துளை வழியாக உட்கட்டைகளைச் சிறிது இழைத்து இளக்க முடியும். கிதாரைச் செய்த கைவினைஞரே அந்த வேலையைச் செய்ய வேண்டும், ஏனென்றால் எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

பலகை தேவைக்கு மேல் மெலிந்துவிட்டாலோ, உடல் அளவே உங்களுக்குப் பொருந்தாவிட்டாலோ இவை எதுவும் உதவா. அப்போது எழுத்தில் உள்ள திருப்பித் தரும் நிபந்தனையைப் பயன்படுத்துங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறொருவர் மடியில் அந்தக் கிதார் பாடலாம். கைவினைஞருக்கும் காரணத்தை விளக்கமாகச் சொல்லுங்கள். பழைய கிதாரின் குறைகளை எழுதியது போலவே இதையும் எழுதுங்கள்.

அவருக்கு வயதாகிவிட்டது. என் கிதார் முடியும் முன் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. டி ஆஞ்செலிகோ 1964-இல் காலமானபோது பட்டறையில் முடியாமல் கிடந்த கிதார்களை, அவரிடம் தொழில் பழகிய டி’அக்விஸ்டோதான் முடித்துக் கொடுத்தார். அப்படி ஒரு சீடர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேருங்கள். முதலாவது, தவணை செலுத்திய கட்டத்துக்கு உரிய மரமும் பாகங்களும் உங்கள் பெயர் எழுதப்பட்டுத் தனியாக வைக்கப்படும் என்பது. இரண்டாவது, வேலை தொடர முடியாமல் போனால் அவை உங்களிடம் ஒப்படைக்கப்படும், அல்லது வேலை தொடங்காத பகுதிக்கான பணம் திரும்பும் என்பது. செதுக்கிய பலகைகள் கையில் இருந்தால் இன்னொரு கைவினைஞர் அவற்றை முடிக்க முடியும். அதற்கு உதவியாக அளவுகளையும் உட்கட்டை வரைபடத்தையும் உங்கள் கோப்பில் ஒரு பிரதி வைத்திருக்கச் சொல்லி அவரிடமே கேளுங்கள். வயதில் மூத்த கைவினைஞர்கள் இந்தப் பேச்சை நாம் நினைப்பதை விட இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.